அந்த விலை யார் கை வழியாக வந்தது?

மியூச்சுவல் ஃபண்டுகளை ஆடிட் செய்கிறேன் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்ப எதுல போடலாம்?" என்பதுதான். அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, சொல்வதும் இல்லை. இரண்டாவதாக ஒரு கேள்வி எப்போதாவது வரும். பெரும்பாலும் ஓய்வூதியப் பணத்தைப் போட்டிருக்கும் பெரியவர்கள்தான் கேட்பார்கள். "தினமும் ராத்திரி ஒரு நம்பர் போடறாங்களேப்பா, அது சரின்னு யாரு பார்க்கறா?" என் வேலை மொத்தமும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. இன்று அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

அந்த நம்பர் என்ஏவி. ஃபண்டிடம் இருக்கும் பங்கு, பத்திரம், ரொக்கம் எல்லாவற்றையும் அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, கொடுக்க வேண்டியதைக் கழித்து, யூனிட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. நம் நாட்டில் பெரும்பாலான திட்டங்களுக்கு அன்றிரவு 11 மணிக்குள் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் அது ஏறியாக வேண்டும். ஒரு சிமென்ட் கம்பெனியின் கணக்கில் சின்னத் தவறு இருந்தால் அடுத்த காலாண்டில் சரிசெய்துகொள்ள வழி இருக்கிறது. ஃபண்டில் அந்த அவகாசம் இல்லை. இன்று போட்ட என்ஏவியில் இன்றே ஒருவர் யூனிட் வாங்குகிறார், இன்னொருவர் விற்றுவிட்டு வெளியே போகிறார். என்ஏவி கூடுதலாக இருந்தால், வெளியே போகிறவர் உள்ளே இருப்பவர்களின் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார். அவருக்கு அது தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியாது.

இது சட்டத்துக்கும் தெரிந்த விஷயம்தான். செபி 1996-ல் கொண்டுவந்த மியூச்சுவல் ஃபண்ட் விதிகளின் எட்டாம் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். பரிவர்த்தனையைக் கணக்கில் ஏற்றாமல் விட்டதால் என்ஏவி ஒரு சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால், கூடுதல் விலை கொடுத்து வாங்கியவருக்கும் குறைந்த விலைக்கு விற்றவருக்கும் திட்டம் ஈடு தர வேண்டும் என்றது அது. தவறு அவர்களுக்குச் சாதகமாகப் போயிருந்தால், திட்டத்துக்கு ஏற்பட்ட இழப்பை ஃபண்டை நடத்தும் ஏஎம்சி தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றும் சொன்னது. யார் பணம் யாரிடம் போனது என்பதை இவ்வளவு தெளிவாகப் பார்த்து எழுதிய விதி அது. எனக்குப் பிடித்த விதிகளில் ஒன்று.

ஆனால் தவறு நடந்ததே தெரிந்தால்தானே ஈடு? மார்ச் 31 அன்றைய சொத்துப் பட்டியலைச் சரிபார்க்கும் ஆடிட், அந்த ஒரு நாளைப் பற்றி உறுதியாகப் பேசும். வருடத்தில் மற்ற எல்லா நாளும் முதலீட்டாளர்கள் வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருந்தார்களே, அந்த நாட்களின் என்ஏவியைக் காப்பாற்றியது எது? தினசரி நடக்கும் உள் கட்டுப்பாடுகள், அலுவலக பாஷையில் கன்ட்ரோல்கள். அதனால்தான் ஃபண்ட் ஆடிட்டில் கன்ட்ரோல் சோதனை ஒரு சடங்காக ஆகிவிடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இங்கே சட்டத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டம் 143(3)-ஆம் பிரிவின்படி, கம்பெனியின் நிதி அறிக்கை சார்ந்த உள் கட்டுப்பாடுகள் போதுமானவையா, ஒழுங்காக நடந்தனவா என்று ஆடிட்டர் தனியாகக் கருத்துச் சொல்ல வேண்டும். சில சிறிய கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு. மியூச்சுவல் ஃபண்டோ கம்பெனியே கிடையாது. அது ஒரு டிரஸ்ட். ஏஎம்சி கம்பெனி, எனவே அதன் ஆடிட்டர் கருத்துச் சொல்வார். ஆனால் அந்தக் கருத்து ஏஎம்சியின் சொந்தக் கணக்கைப் பற்றியது: அதன் கட்டண வருமானம், சம்பளம், வாடகை. உங்கள் யூனிட் இருக்கும் திட்டத்தின் கணக்கு வேறு, அதன் ஆடிட்டரும் வேறு. இருவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதே விதி.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். என்ரான், வேர்ல்ட்காம் சரிவுக்குப் பிறகு 2002-ல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தின் 404-ஆம் பிரிவைப் பற்றி ஆடிட் படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த பிரிவான 405-ஐ யாரும் படிப்பதில்லை. பதிவு பெற்ற முதலீட்டு ஃபண்டுகளுக்கு 404 பொருந்தாது என்று அதில் இருக்கிறது. அதற்குப் பதிலாக ஃபண்டுகள் வருடா வருடம் தாக்கல் செய்யும் என்-சென் படிவத்தோடு ஆடிட்டரின் கடிதம் ஒன்று போகும். கணக்கை ஆடிட் செய்யத் திட்டமிடுவதற்காகக் கன்ட்ரோல்களைப் பார்த்தோம், அவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை, பார்த்த அளவில் பெரிய பலவீனம் எதுவும் கண்ணில் படவில்லை என்பதுதான் அதன் சாரம். நேர்மையான கடிதம். ஆனால் ஃபண்டின் இயக்குநர் குழுவில் இருப்பவர்களே அதைக் கன்ட்ரோலுக்குக் கொடுத்த சான்றிதழாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஒரு பக்கக் கடிதம்தானே, உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்னை, பெங்களூரு, புனே அலுவலகங்களில் உட்கார்ந்து அமெரிக்க, ஐரோப்பிய ஃபண்டுகளுக்கு என்ஏவி போடும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இந்தப் பதிவை அவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் கன்ட்ரோல் என்று நாங்கள் ஃபைலில் எழுதுவது, நடைமுறையில் அவர்கள் ராத்திரி உட்கார்ந்து செய்யும் வேலை.

அந்த வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். உதாரணத்துக்கு நம் நாட்டுக் கடன் ஃபண்ட் ஒன்று. சந்தை மூடிவிட்டது. மேனேஜர் அன்று வாங்கிய, விற்ற டீல்கள் கணக்குக்குள் வந்துவிட்டன. பத்திரங்களைப் பாதுகாத்து வைக்கும் கஸ்டோடியன் அனுப்பிய பட்டியலோடு கணக்கில் உள்ள பட்டியலை ஒப்பிட்டு ரீகான் முடிந்துவிட்டது. வங்கி இருப்பும் ஒத்துப்போகிறது. யூனிட் எண்ணிக்கை பதிவாளரிடமிருந்து வந்துவிட்டது; நம் நாட்டு ஃபண்டுகளில் பெரும்பகுதிக்கு அந்த வேலையைச் செய்கிற கேம்ஸ் நிறுவனம் சென்னையில்தான் இருக்கிறது. பத்திரங்களுக்கு கிரிசில், இக்ரா குழும நிறுவனங்கள் போன்ற மதிப்பீட்டு முகமைகளின் விலை ஃபைல் வந்து, சராசரி போட்டு, சிஸ்டத்தில் ஏறிவிட்டது.

அடுத்து சிஸ்டம் ஒரு விதிவிலக்குப் பட்டியலைத் துப்பும். நேற்றைய விலையோடு ஒப்பிடும்போது குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறிய, இறங்கிய விலைகள். பல நாளாக அசையாத விலைகள். கையால் மாற்றப்பட்ட விலைகள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம். ஒருவர் எழுதுவார், இன்னொருவர் பார்த்து ஒப்புதல் போடுவார். மேக்கர், செக்கர்.

நாங்கள் சாம்பிள் எடுக்கும்போது வழக்கமாகப் பார்ப்பது: பட்டியல் அன்றே எடுக்கப்பட்டதா, எல்லா வரிக்கும் காரணம் இருக்கிறதா, செக்கர் ஒப்புதல் இருக்கிறதா, என்ஏவி வெளியாகும் நேரத்துக்கு முன்பே அது நடந்ததா. நான்கு டிக். தினசரிக் கன்ட்ரோல் என்றால் வருடத்தில் 25 நாட்களை எடுப்பது வழக்கம். 25 நாளும் நான்கு டிக்கும் விழுந்துவிட்டால் கன்ட்ரோல் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிவிடலாம்.

ஒரு ஆடிட்டில் அப்படி ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பத்திரத்தின் விலை ஒரே நாளில் நன்றாக ஏறியிருந்தது. கையால் மாற்றப்பட்ட விலை. காரணக் கட்டத்தில், "ஃபண்ட் மேனேஜர் உறுதி செய்தார்." கீழே செக்கர் ஒப்புதல், நேரம் மாலை 7:42. எல்லா டிக்கும் சரி. பக்கத்தில் அந்தப் பட்டியலைத் தயாரித்த பெண் உட்கார்ந்திருந்தார்.

"இந்த விலை சரின்னு உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

"டெஸ்க்ல கேட்டோம் சார். ஓகேன்னு மெயில் போட்டாங்க."

"மெயில்ல விலைக்கு ஆதாரம் ஏதாவது இருந்ததா? வேற யாராவது அந்த விலைக்கு வாங்கினாங்களா?"

"இல்ல சார். 'ப்ரைஸ் கன்ஃபர்ம்டு'ன்னு மட்டும் இருந்தது."

அந்தப் பெண்ணின் மேல் குறை ஒன்றுமில்லை. நடைமுறைக் கையேட்டில் இருந்தபடிதான் செய்திருக்கிறார். பிரச்சினை கன்ட்ரோலை வடிவமைத்த விதத்தில் இருந்தது. விலை ஏறினால் யாருடைய செயல்பாடு நன்றாகத் தெரியும்? மேனேஜருடையது. அதே ஆளிடம் போய் "இந்த விலை சரியா?" என்று கேட்டு, அவர் ஆமாம் என்றதும் டிக் போடுவதை எத்தனை பேர் ஒப்புதல் போட்டாலும் சரிபார்ப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. நான் அதைக் கன்ட்ரோல் குறைபாடு என்று எழுதினேன். தொகை சின்னது, விலையும் பின்னால் சரியாகவே இருந்தது என்று நிர்வாகம் வாதாடியது. விலை சரியாக இருந்தது என்பது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டால் அது சரியாக அமையவில்லை. குறைபாடு அறிக்கையில் அப்படியே நின்றது.

இவ்வளவு பிடிவாதம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இன்ஃபினிட்டி க்யூ கதையைத்தான் சொல்வேன். இது நம் தொழிலில் இருப்பவர்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு.

இன்ஃபினிட்டி க்யூ டைவர்சிஃபைடு ஆல்ஃபா ஃபண்ட் நியூயார்க்கிலிருந்து நடத்தப்பட்டது. ரகசியமான ஹெட்ஜ் ஃபண்ட் இல்லை. அமெரிக்காவின் 1940-ஆம் ஆண்டு முதலீட்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான மியூச்சுவல் ஃபண்ட். 2021 பிப்ரவரியில் அதன் சொத்து சுமார் 170 கோடி டாலர். நிறுவனரும் தலைமை முதலீட்டு அதிகாரியும் ஜேம்ஸ் வெலிஸாரிஸ். ஃபண்டிடம் வேரியன்ஸ் ஸ்வாப் போன்ற சிக்கலான ஒப்பந்தங்கள் நிறைய இருந்தன. ஒரு குறியீடோ பங்கோ குறிப்பிட்ட காலத்துக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம் காண்கிறது என்பதை வைத்துப் பணம் கைமாறும் ஒப்பந்தம் அது. பங்குச் சந்தைப் பலகையில் அதற்கு விலை கிடையாது. மாடல் வைத்துக் கணக்குப் போட்டால்தான் விலை.

முதலீட்டாளர்களிடம் அவர்கள் சொன்னது: விலையை நாங்கள் போடுவதில்லை, ப்ளூம்பெர்கின் பிவால் என்ற சுதந்திரமான சேவை போடுகிறது. கேட்பதற்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது! ஆடிட் ஃபைலில் "விலை ஆதாரம்: சுதந்திர மூன்றாம் தரப்பு" என்று எழுதி அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் அந்தச் சேவையில் இந்த வகை ஒப்பந்தங்களுக்கு விலை வர வேண்டுமானால், ஒப்பந்த நிபந்தனைகளைப் பயனர்தான் உள்ளே ஏற்ற வேண்டும். ஏற்றியது வெலிஸாரிஸ். வங்கிகளோடு போட்ட டெர்ம் ஷீட்டில் ஒன்று இருக்க, அவர் ஏற்றியது வேறாக இருந்தது. சில இடங்களில் கணக்குப் போடும் நிரல் வரிகளையே மாற்றி, ஃபண்டுக்குப் பாதகமான முக்கிய நிபந்தனைகளை மாடல் கண்டுகொள்ளாமல் போகும்படி செய்தார். முத்திரை குத்திய தராசு, படிக்கல் மட்டும் கடைக்காரர் செய்தது என்றால் எப்படி இருக்கும், அதுதான் நடந்தது.

மோசடி பல வருடம் ஓடியது. 2020-ல் கொரோனா பரவி சந்தை கொந்தளித்த நாட்களில், முதலீட்டாளர்களுக்குச் சொன்ன மதிப்பில் பாதிதான் சில சமயம் உண்மையில் இருந்தது என்கிறது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு. இந்த ஃபண்டையும் அவர் நடத்திய இன்னொரு தனியார் ஃபண்டையும் சேர்த்து, கூட்டிக் காட்டிய மதிப்பு நூறு கோடி டாலருக்கும் மேல். அந்தக் காலத்தில் அவருக்குப் போன லாபப் பங்கு 2.6 கோடி டாலருக்கு மேல். ஆணையம் கேள்வி கேட்கத் தொடங்கியதும் ஆணையத்துக்குக் கொடுத்த ஆவணங்களைத் திருத்தினார். ஆடிட்டருக்குக் கொடுத்த டெர்ம் ஷீட்டுகளையும் திருத்தினார். 2021 பிப்ரவரி 22 அன்று ஆணையத்தின் அனுமதியோடு ஃபண்ட் பணம் திருப்பித் தருவதை நிறுத்திவைத்தது. 2022 நவம்பரில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2023 ஏப்ரலில் 15 வருடச் சிறை.

ஆணையத்தின் குற்றச்சாட்டில் ஒரு விவரம் எனக்குள் ஆழமாகத் தங்கிவிட்டது. சில ஸ்வாப்களுக்கு அவர் காட்டிய விலை உண்மையாக இருக்க வேண்டுமானால், ஏற்ற இறக்கத்தின் அளவு பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்க வேண்டும். சந்தை அசையாமலே நின்றுவிட்டால் ஏற்ற இறக்கம் பூஜ்யம். அதற்குக் கீழே என்று ஒன்று கிடையாது. வேரியன்ஸ் என்பது வர்க்கங்களின் கூட்டு, அது எதிர்மறையாக முடியவே முடியாது. ஒப்பந்தக் காலத்தில் கழிந்துவிட்ட நாட்களின் ஏற்ற இறக்கத்தை யார் வேண்டுமானாலும் சந்தைத் தரவை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். மீதி நாட்களில் எவ்வளவு இருந்தால் இந்த விலை வரும் என்று பின்னோக்கிப் போட்டுப் பார்ப்பது ஒரு பிற்பகல் வேலை. போட்டிருந்தால் விடை தன்னால் கத்தியிருக்கும். இந்த வழக்கைப் படித்ததிலிருந்து, மாடல் விலை எதுவாக இருந்தாலும் அதைப் பின்னோக்கி உடைத்து, என்ன அனுமானம் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதை எங்கள் குழுவில் கட்டாயம் ஆக்கிவிட்டேன்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் அதிக நம்பிக்கை தருவது. பிணையப் பணம். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் எதிர்த்தரப்பு வங்கியும் தன் பக்கத்தில் தினமும் ஒரு விலை போடுகிறது. யார் யாருக்குத் தர வேண்டியிருக்கிறதோ அதற்கேற்ப ஈடு கைமாறும்படி ஒப்பந்தம் போடுவது வழக்கம். ஸ்வாப்பால் தனக்கு ஐந்து கோடி வர வேண்டும் என்று ஃபண்டின் கணக்கு சொல்லும்போது, வங்கியிடமிருந்து அதற்குப் பக்கத்திலாவது ஈடு வந்திருக்க வேண்டும். வரவில்லை, உல்டாவாக ஃபண்டே ஈடு கட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அந்த வித்தியாசத்துக்கு யாரோ விளக்கம் சொல்லியாக வேண்டும். விலையைக் கூட்டி எழுதுவது சுலபம், இன்னொரு வங்கியின் பணத்தை வரவைப்பது சுலபமில்லை.

இந்தியாவில் கடன் பத்திரங்களுக்கு செபி 2019-ல் மாற்றியமைத்த விதிகளில் நல்ல அம்சம் ஒன்று உண்டு. முகமைகள் தரும் சராசரி விலையிலிருந்து ஏஎம்சி விலகிப் போகலாம், தடையில்லை. ஆனால் ஏன் விலகினோம் என்று பதிவு செய்ய வேண்டும், ஏஎம்சி குழுவுக்கும் டிரஸ்டிகளுக்கும் சொல்ல வேண்டும், பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். அதே ஆண்டு ஜூனில் வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் வட்டி கட்டத் தவறியதும் ஒரு திட்டத்தின் என்ஏவி ஒரே நாளில் பாதிக்கும் மேல் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு, விலை விஷயத்தில் இவ்வளவு வெளிச்சம் எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவிலும் 2020 டிசம்பரில் கொண்டுவந்த 2ஏ-5 விதி, ஃபண்டை நிர்வகிக்கும் மேனேஜர் நியாய மதிப்பைத் தீர்மானிக்கவோ, செல்வாக்கு செலுத்தித் தீர்மானிக்க வைக்கவோ கூடாது என்கிறது. இன்ஃபினிட்டி க்யூ வெடிப்பதற்குச் சில மாதம் முன்பு எழுதப்பட்டது. ஃபண்டுகள் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்றானது 2022 செப்டம்பரில்.

சரி, ஆதாரம் வெளியிலிருந்து வந்தால் போதுமா? அது எந்த வழியாக வந்தது என்பதும் முக்கியம். அமெரிக்க மோசடிக்காரர் பெர்னார்ட் மேடாஃபின் நிறுவனத்தில் வாடிக்கையாளர் பத்திரங்களை வைத்திருந்ததும் அவர்களே, வாங்கி விற்றதும் அவர்களே, அறிக்கை அச்சடித்ததும் அவர்களே. பத்திரங்கள் இருப்பதாகக் காட்ட, அமெரிக்காவின் மத்தியப் பத்திர வைப்பகமான டிடிசியின் திரையைப் போலவே போலித் திரையை உருவாக்கி வைத்திருந்தார்கள். ஆடிட்டர்கள் வந்து பழைய ஆவணம் கேட்டபோது, அப்போதுதான் அச்சடித்த தாள்களின் சூடு தெரியாமல் இருக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஆற்றி, புதிதாகத் தெரியாமல் இருக்க ஒருவருக்கொருவர் தூக்கிப் போட்டுக் கசக்கினார்கள் என்று பின்னால் நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. மேஜைக்கு வந்த காகிதத்தில் குறை எதுவும் தெரிந்திருக்காது.

ஆகவே கஸ்டோடியனுக்கோ வங்கிக்கோ உறுதிக் கடிதம் கேட்டு எழுதினால், முகவரியை நாங்களே தேடி எடுக்கிறோம். ஃபண்ட் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்துவதில்லை. பதில் நேராக எங்களுக்கு வர வேண்டும். டெர்ம் ஷீட்டும் அப்படியே. "நாங்களே வாங்கித் தந்துடறோம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று அன்பாகச் சொல்வார்கள். சொல்பவர்களில் பெரும்பாலோர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு நாங்களே வாங்கிக்கொள்கிறோம். அமெரிக்காவின் 1940 சட்டம், ஃபண்ட் வைத்திருக்கும் பத்திரங்களை ஆடிட்டர் நேரில் பார்த்தோ கஸ்டோடியனிடம் சான்று பெற்றோ சரிபார்க்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டது. அது வந்தபோது கம்ப்யூட்டரே கிடையாது, காரணம் மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

அடுத்து சாக்-1 அறிக்கைகள். இன்றைய ஃபண்ட் தன் வேலைகளில் பெரும்பாலானவற்றை வெளியே கொடுத்துவிடுகிறது: கணக்கு ஒருவரிடம், கஸ்டடி ஒருவரிடம், யூனிட் பதிவு இன்னொருவரிடம். ஒவ்வொரு ஆடிட்டரும் அங்கே போய்ச் சோதிக்க முடியாது என்பதால், அந்தச் சேவை நிறுவனத்தின் ஆடிட்டர் ஒரு முறை சோதித்துத் தரும் அறிக்கையை எல்லோரும் நம்புகிறோம். நூறு பக்கம் தாண்டும். முதல் சில பக்கங்களில் உள்ள கருத்தைப் படித்து, "குறை இல்லை" என்று ஃபைலில் போட்டு மூடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

எனக்கு அதில் முக்கியமானது நடுவில் வரும் ஒரு பகுதி: இந்தக் கன்ட்ரோல்கள் வேலை செய்ய வேண்டுமானால் பயன்படுத்தும் ஃபண்ட் தன் பக்கம் என்னென்ன செய்ய வேண்டும் என்கிற பட்டியல். "விலை மாற்றக் கோரிக்கைகளை அதிகாரம் பெற்றவர் மட்டுமே அனுப்புவதை ஃபண்ட் உறுதி செய்ய வேண்டும்." "அனுப்பப்படும் ஒப்பந்த விவரங்கள் சரியாகவும் முழுமையாகவும் இருப்பதை ஃபண்ட் உறுதி செய்ய வேண்டும்." ஒரு வரியில் எவ்வளவு பெரிய பொறுப்பு கைமாறுகிறது பாருங்கள். சேவை நிறுவனம் தனக்கு வந்த விவரத்தை ஒழுங்காகக் கையாண்டது என்று மட்டுமே அறிக்கை சொல்கிறது. வந்த விவரம் உண்மையா என்பது ஃபண்டின் பாடு. ஃபண்ட் பக்கம் போய்க் கேட்டால், "அதான் சாக் ரிப்போர்ட் இருக்கே சார்" என்பார்கள். இரண்டு பக்கமும் மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் இந்த இடத்தில்தான் இன்ஃபினிட்டி க்யூ போன்றவை ஒளிந்துகொள்கின்றன.

மோசடியே இல்லாமலும் அறிக்கைக்கு வெளியே ஆபத்து வரும். 2015 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. சன்கார்டு நிறுவனத்தின் இன்வெஸ்ட்ஒன் என்ற ஃபண்ட் கணக்கு மென்பொருளில் ஒரு சிஸ்டம் மாற்றம் செய்தபோது கோளாறு ஏற்பட்டது. மாற்று ஏற்பாடும் சேர்ந்து பழுதானது. திங்கட்கிழமை அமெரிக்கச் சந்தை திறந்ததும் டவ் குறியீடு ஆயிரம் புள்ளிக்கு மேல் விழுந்தது. அந்த மென்பொருளை நம்பியிருந்த பிஎன்ஒய் மெலன் வங்கியால் நூற்றுக்கணக்கான ஃபண்டுகளுக்குச் சரியான நேரத்தில் என்ஏவி போட முடியாமல் வாரம் முழுக்கத் திண்டாட்டம். முதலீட்டாளருக்கு விலை மிகவும் தேவைப்பட்ட வாரம் அது. சேவை நிறுவனத்துக்கும் ஒரு சேவை நிறுவனம் இருக்கிறது. சாக்-1 அறிக்கையில் பெரும்பாலும் அது வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கும். அது யார், அவர்களின் அறிக்கையை யார் படிக்கிறார்கள் என்று நான் எழுத்தில் கேட்கிறேன்.

எங்கள் ஆர்ட்டிக்கிள் பையன் ஒருவன் போன மாதம் கேட்டான். "சார், 25 சாம்பிளை எந்த அடிப்படையில எடுக்கணும்?" கணினி தன்போக்கில் தேர்ந்தெடுக்கும் 25 நாட்களை எடு, அது முறை. அதோடு இன்னொரு பட்டியலையும் வாங்கு என்றேன்: வருடம் முழுவதும் கையால் மாற்றப்பட்ட விலைகள் அத்தனையும், மாற்றியவரின் லாகின் பெயர், நேரம், பழைய விலை, புதிய விலை. சிஸ்டத்திலிருந்து நீ பக்கத்தில் நிற்க எடுத்துத் தர வேண்டும். எக்செல்லில் அனுப்பி வைக்கிறோம் என்றால் வேண்டாம். மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி மாற்றங்களைத் தனியாக வை. விலை ஏறிய மாற்றங்களையும் இறங்கிய மாற்றங்களையும் கூட்டிப் பார். அந்த லாகின்களில் ஒன்றாவது ஃபண்ட் மேனேஜர் குழுவைச் சேர்ந்தவருடையதா என்று மனிதவளத் துறையின் பட்டியலோடு ஒப்பிடு.

வரும் ஆடிட் பருவத்துக்கான கோரிக்கைக் கடிதம் இந்த வாரம் போகிறது. அந்தப் பட்டியலை முதல் வரியாக வைத்திருக்கிறேன். மாடல் விலைக்குள் ஏற்றப்படும் ஒவ்வொரு விவரமும் எந்த ஆவணத்திலிருந்து வருகிறது, அதை ஏற்றும் உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்பது இரண்டாவது வரி.